மெசான் என்றால் என்ன? ஒரு குவார்க் ஜோடியின் கதை

கூடங்குளம் அணு உலை பற்றிப் பேச்சு வந்தாலும் சரி, தேனி நியூட்ரினோ ஆய்வகம் பற்றி வந்தாலும் சரி, நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஐந்தாவது நிமிடத்தில் எல்லாத் துகளும் ஒரே சாக்கில் விழுந்துவிடும். நியூட்ரான், நியூட்ரினோ, மியூவான், மெசான் எல்லாம் ஒன்றுதான், எல்லாமே கதிர்வீச்சுதான் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். இன்னொருவர் அதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பெயர், அவ்வளவுதான் என்பார். இதில் மெசான் பாடுதான் ரொம்பப் பாவம். பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்து முடித்த பிள்ளைகளைக் கேட்டால்கூட, "எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் நடுவில் எடை உள்ள துகள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு.

அது 1930களின் விளக்கம். அதையே இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருந்தால், புரோட்டானைவிட எடை கூடிய மெசான்கள் எத்தனையோ மெசானே இல்லை என்று ஆகிவிடும், மெசானுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று மெசான் ஆகிவிடும். இன்றைய வரையறை எடையைப் பார்ப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. அந்த உள்ளே இருப்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பின்னம் கூட்டத் தெரிந்தால் போதும், வேறு கணக்கு வேண்டாம்.

உள்ளே போகப் போக

அணுவுக்குள் அணுக்கரு, அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும், இது வரைக்கும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அந்தப் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருப்பதுதான் குவார்க். இதற்கு உள்ளே இன்னொன்று இருப்பதாக இதுவரை எந்தச் சோதனையிலும் தெரியவில்லை. 1964இல் முர்ரே ஜெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியாக இந்த யோசனையை முன்வைத்தார்கள்.

குவார்க்கில் ஆறு வகை. அப், டவுன், சார்ம், ஸ்ட்ரேஞ்ச், டாப், பாட்டம். பெயர்களுக்கு அர்த்தம் தேடி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நம் தெருவில் ஆறு பிள்ளைகளுக்கு ஆறு பெயர் இருக்கிற மாதிரிதான். நாம் கவனிக்க வேண்டியது மின்னூட்டத்தை. அப், சார்ம், டாப் மூன்றுக்கும் +2/3. டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் மூன்றுக்கும் -1/3. புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன்: 2/3 + 2/3 - 1/3, கூட்டினால் +1. நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன்: 2/3 - 1/3 - 1/3, கூட்டினால் சுழி. சரியாக வருகிறதல்லவா?

ஒவ்வொரு குவார்க்குக்கும் ஒரு எதிர்க்குவார்க் உண்டு. நிறை அதே நிறைதான், மின்னூட்டம் தலைகீழ். அப் +2/3 என்றால் எதிர்-அப் -2/3. டவுன் -1/3 என்றால் எதிர்-டவுன் +1/3.

மூன்று குவார்க் சேர்ந்த துகளுக்குப் பேரியான் என்று பெயர், புரோட்டானும் நியூட்ரானும் அந்த வகை. ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் ஜோடி சேர்ந்தால் அதுதான் மெசான். வரையறை இவ்வளவுதான். நான்கு, ஐந்து சேர்ந்த அபூர்வக் கூட்டங்களும் 2003க்குப் பிறகு சோதனைகளில் தென்பட்டு வருகின்றன, அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

ஏன் எப்போதும் ஜோடியாக?

ஒரு குவார்க்கைத் தனியாகப் பிரித்து எடுத்துக் காட்டுங்களேன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். முடியாது. கருவி போதாததால் வந்த சிக்கல் இல்லை இது, இயற்கையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஒரு முழம் தேங்காய் நார்க் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு முனை. எனக்கு ஒரே ஒரு முனை மட்டும் வேண்டும் என்று நடுவில் வெட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி இரண்டு முனை வந்து நிற்கும். எத்தனை துண்டு போட்டாலும் ஒற்றை முனைக் கயிறு கிடைக்காது. மெசானில் குவார்க் ஒரு முனை, எதிர்க்குவார்க் மறுமுனை, அவ்வளவுதான்.

ஆனால் நிஜக் கயிற்றுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, விஷயமே அங்கேதான் இருக்கிறது. குவார்க்குகளுக்கு மின்னூட்டம் போக இன்னொரு வகை ஊட்டம் உண்டு, அதை நிறம் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூன்று வகை நிறம், எதிர்க்குவார்க்குகளுக்கு மூன்று எதிர்நிறம். நிறங்கள் ஒன்றை ஒன்று ஈடுகட்டி மிச்சம் எதுவும் இல்லாமல் போகும் கூட்டம்தான் வெளியே உலவ முடியும். மூன்று நிறமும் சேர்ந்தால் ஈடாகும், அது பேரியான். ஒரு நிறமும் அதன் எதிர்நிறமும் சேர்ந்தாலும் ஈடாகும், அது மெசான்.

இந்த நிறங்களுக்கிடையே விசையைக் கடத்துகிற துகள் குளுவான். மின்விசை என்றால் தூரம் கூடக்கூட வலு குறையும். குளுவான் கடத்தும் விசை அப்படி இல்லை, இரண்டு குவார்க்குகளை இழுத்துப் பிரித்தால் இடையிலுள்ள புலம் ஒரு கயிறு மாதிரி ஒடுங்கிக்கொண்டு, எவ்வளவு தூரம் இழுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே வலுவோடு பின்னால் இழுக்கும். அந்த வலு எவ்வளவு தெரியுமா? சுமார் 16 டன் எடைக்குச் சமம். தாழையூத்திலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிற லாரியைத் தூக்கிப் பிடிக்கிற வலு, புரோட்டானைவிட எடை குறைந்த ஒரு துகளுக்குள்ளே!

அப்படி இழுக்க இழுக்க நாம் செலவழிக்கும் ஆற்றல் அந்தக் கயிற்றிலேயே சேர்ந்துகொண்டு போகும். ஓர் அளவுக்கு மேல் போனால், சேர்ந்த ஆற்றலே புதிதாக ஒரு குவார்க்-எதிர்க்குவார்க் ஜோடியாக மாறிவிடும், ஆற்றலும் நிறையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று ஐன்ஸ்டைன் சொன்னது இங்கே அப்படியே நடக்கிறது. கயிறு அறுந்த இடத்தில் இரண்டு புது முனைகள். ஒரு மெசானைப் பிய்க்கப் போனோம், கையில் இரண்டு மெசான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: குவார்க் தனியாக நிற்காது. நிறம் ஈடாகும்படி கூட்டம் சேர்ந்தே நிற்கும். அந்தக் கூட்டங்களில் இரண்டு பேர் மட்டும் உள்ளது மெசான்.

யார் யாரோடு?

ஆறு குவார்க் இருந்தாலும் டாப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பிறந்து ஒரு கூட்டில் சேர்வதற்கு முன்பே சிதைந்துவிடும். மிச்சம் ஐந்து குவார்க், ஐந்து எதிர்க்குவார்க். எப்படி ஜோடி போட்டாலும் 25 சேர்க்கை.

முதலில் பையான். மெசான்களிலேயே எடை குறைந்தது, அதிகம் பேசப்படுவதும் இதுதான். இதில் மூன்று வகை. அப்பும் எதிர்-டவுனும் சேர்ந்தால் 2/3 + 1/3 = +1, இது நேர் பையான். டவுனும் எதிர்-அப்பும் சேர்ந்தால் -1/3 - 2/3 = -1, இது எதிர் பையான். மூன்றாவது நடுநிலைப் பையான், மின்னூட்டம் இல்லாதது. இதன் உள்ளே இருப்பது அப்பும் எதிர்-அப்புமா, டவுனும் எதிர்-டவுனுமா என்று கேட்டால், இரண்டும்தான். இது குவாண்டம் உலகம், இந்த இரண்டு நிலைகளின் கலவையாகவே அந்தத் துகள் இருக்கிறது. பாதிப் பையான்கள் இப்படி, பாதி அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு நடுநிலைப் பையானுமே கலவைதான்.

அடுத்தது கேயான். ஜோடியில் ஒருவர் ஸ்ட்ரேஞ்ச், அல்லது எதிர்-ஸ்ட்ரேஞ்ச். அப்பும் எதிர்-ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்தால் 2/3 + 1/3, நேர் கேயான். டவுனும் எதிர்-ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்தால் -1/3 + 1/3, நடுநிலைக் கேயான். 1947இல் மான்செஸ்டரில் ரோச்செஸ்டர், பட்லர் என்ற இருவர் இதன் தடங்களைப் பார்த்தபோது குவார்க் என்ற பேச்சே கிடையாது, அதனால் இந்தத் துகள்கள் ஏன் இவ்வளவு விசித்திரமாக நடந்துகொள்கின்றன என்று பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிறகு 1964இல் குரோனின், ஃபிட்ச் குழு இதே நடுநிலைக் கேயானை வைத்துத்தான் பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இயற்கை முழுச் சமநீதி காட்டவில்லை என்று கண்டுபிடித்தது. 1980இல் அதற்கு நோபல் பரிசு.

கனமான மெசான்களும் உண்டு. சார்மும் எதிர்-சார்மும் சேர்ந்த ஜே-சை மெசானை 1974 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. எடை புரோட்டானைப் போல மூன்று மடங்குக்கு மேல். பாட்டமும் எதிர்-பாட்டமும் சேர்ந்த உப்சிலான் 1977இல் வந்தது, அது பத்து மடங்கு. "நடுவான எடை" என்ற வரையறை இங்கேயே விழுந்துவிடுகிறது.

எடைக் கணக்கு ஏன் இடிக்கிறது?

துகள்களின் நிறையை மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகில் சொல்வது வழக்கம், சுருக்கமாக எம்இவி. எலக்ட்ரான் சுமார் அரை எம்இவி, புரோட்டான் 938. நேர் பையான் சுமார் 140.

இப்போது உள்ளே இருப்பதைக் கூட்டிப் பாருங்கள். அப் ஏறக்குறைய 2, டவுன் ஏறக்குறைய 5. மொத்தம் 7 எம்இவி. மிச்சம் 133 எங்கிருந்து வந்தது? குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் இருக்கிற ஆற்றல்தான் வெளியே நிறையாகத் தெரிகிறது. குவார்க்குகளின் சொந்த எடை அதில் சில்லறைக் காசு.

இன்னும் வேடிக்கை ஒன்று. அதே அப், அதே எதிர்-டவுன், அதே மின்னூட்டம், ஆனால் 775 எம்இவி எடையுள்ள இன்னொரு மெசான் இருக்கிறது, பெயர் ரோ. வித்தியாசம் தற்சுழற்சியில். குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்கும் தம்மைத் தாமே சுற்றுவது போன்ற ஒரு பண்பு உண்டு, அதுதான் தற்சுழற்சி. பையானில் இரண்டும் எதிரெதிர்த் திசையில், ரோவில் ஒரே திசையில். அதனால் "இந்த மெசான் எது?" என்று கேட்டால் குவார்க்குகளின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்றும் சொல்ல வேண்டும். 25 சேர்க்கையிலிருந்து மெசான் பட்டியல் அவ்வளவு நீளமாகப் போவதும் இதனால்தான்.

எதிரும் புதிரும் ஒரே வீட்டிலா?

வள்ளியூரில் ஒரு கடையில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "தம்பி, பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டா ரெண்டும் அழிஞ்சிரும்னு சொல்லுதாங்க. நீரு என்னன்னா ரெண்டையும் ஒரே வீட்டுல குடி வைக்கீரு. அது எப்படித் தங்கும்?"

நல்ல கேள்வி. நேரான பதில், தங்காது. நிலைத்து நிற்கும் மெசான் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நடுநிலைப் பையானில் அப்புக்கு எதிர்-அப், டவுனுக்கு எதிர்-டவுன், அதாவது சொந்த எதிரியே பக்கத்தில். அது ஒரு நொடியை ஒன்றுக்குப் பின் 16 சுழி போட்டு வகுத்தால் வருகிற நேரத்துக்குள்ளேயே இரண்டு ஒளித்துகள்களாகக் கரைந்துவிடுகிறது.

நேர் பையானில் கதை வேறு. அப்புக்குத் துணை எதிர்-டவுன். அது அப்பின் சொந்த எதிரி இல்லை. +1 மின்னூட்டத்தைக் காற்றில் விட்டுவிட்டு வெறும் ஒளியாகவும் மாற முடியாது, மின்னூட்டம் அழியாது என்பது மீற முடியாத சட்டம். அதனால் அது மெலிந்த விசை என்ற, பெயருக்கேற்ப வலு குறைந்த விசையை நம்பித்தான் சிதைய வேண்டும். சராசரியாக 26 நானோநொடி ஆகிறது, நானோநொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. நமக்கு அது கண் இமைப்பதற்குள்ளே, ஆனால் நடுநிலைப் பையானோடு ஒப்பிட்டால் சுமார் 30 கோடி மடங்கு நீண்ட ஆயுள். ஒரே குடும்பம், கிட்டத்தட்ட ஒரே எடை, ஜோடி மாறியதால் ஆயுள் இவ்வளவு மாறுகிறது.

சுருக்கமாக: மெசானின் மின்னூட்டம், எடை, ஆயுள் மூன்றுக்கும் காரணம் உள்ளே இருக்கும் ஜோடியும் அது சேர்ந்திருக்கும் விதமும்தான்.

அணுக்கருவைக் கட்டிப் பிடிப்பது

புரோட்டான்கள் எல்லாமே நேர் மின்னூட்டம், ஒன்றை ஒன்று விலக்க வேண்டியவை. அப்படியும் யுரேனியம் அணுக்கருவுக்குள் 92 புரோட்டான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எது பிடித்து வைத்திருக்கிறது? இந்தக் கேள்விக்குத்தான் ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடெகி யுகாவா 1935இல் பதில் சொன்னார். புரோட்டான், நியூட்ரான்களுக்கிடையே எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு நிறையுள்ள ஒரு துகள் பரிமாறப்படுகிறது, அந்த நிறை காரணமாகத்தான் அணுக்கரு விசை மிகக் குறுகிய தூரத்தோடு நின்றுவிடுகிறது என்பது அவர் கணக்கு. பையான் 273 மடங்கு. குத்துமதிப்பாகச் சொன்னது இவ்வளவு கிட்டத்தில் வந்தது பெரிய விஷயம். 1949இல் நோபல் பரிசு.

இந்தப் பரிமாற்றத்தைப் பலர் பந்து எறிந்து பிடிக்கிற விளையாட்டாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பந்து எறிகிறவர்கள் விலகித்தான் போவார்கள், ஒட்ட மாட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்: குவார்க்குகளைப் பிணைக்கும் நிற விசையின் கசிவுதான் அணுக்கரு விசை, அந்தக் கசிவில் தூரம் கொஞ்சம் கூடுகிற பகுதியைச் சுமந்து போவது பையான்.

அப்படியானால் கூடங்குளத்திலிருந்து மெசான் வெளியே வருமா? வராது. அணுக்கருப் பிளவில் வரும் நியூட்ரான் ஒன்றின் ஆற்றல் சராசரியாக 2 எம்இவி. ஒரு பையானை உண்டாக்க அதன் நிறைக்கே 140 எம்இவி வேண்டும். அணு உலை பற்றிப் பேச வேண்டிய கவலைகள் இருக்கலாம், மெசான் அந்தப் பட்டியலில் இல்லை.

மியூவானை உள்ளே விட்டது யார்?

யுகாவா கணித்த துகளை எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், 1936இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் காஸ்மிக் கதிர்களில், அதாவது விண்வெளியிலிருந்து வந்து விழும் அதிவேகத் துகள்களின் தடங்களில், எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு நிறையுள்ள ஒன்றைக் கண்டார்கள். எடை பொருந்திவிட்டது, அப்புறம் என்ன, இதுதான் யுகாவாவின் துகள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மெசான் என்ற பெயரை 1939இல் நம் ஹோமி பாபா முன்மொழிந்தபோது இந்த வகைத் துகளைத்தான் மனத்தில் வைத்திருந்தார்.

ஆனால் அது அணுக்கருவைக் கண்டுகொள்ளவே இல்லை. அணுக்கருவைக் கட்டிப் பிடிக்க வேண்டிய துகள், அதன் வழியாக ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தது! 1947இல் பிரிஸ்டலில் செசில் பவல், லாட்டெஸ், ஒக்கியாலினி குழு புகைப்படக் கூழ்மத் தகடுகளில் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. முதலில் ஒரு துகள் வருகிறது, நின்று சிதைகிறது, அதிலிருந்து இன்னொன்று கிளம்புகிறது. முதலாவது பையான், யுகாவா சொன்ன ஆள். இரண்டாவது மியூவான், பத்து வருடமாக அவர் பெயரில் உலவிய ஆள்.

இதே தகடு முறையில் பவலுக்கு முன்பே டார்ஜிலிங் மலையில் வேலை செய்தவர்கள் கொல்கத்தாவின் பிபா சௌத்ரியும் தேவேந்திர மோகன் போஸும். 1940களின் தொடக்கத்திலேயே அவர்கள் கட்டுரைகள் வந்துவிட்டன. உலகப் போர்க் காலத்தில் நல்ல தகடுகள் கிடைக்காமல் வேலை நின்றுபோனது. பவலுக்கு 1950இல் நோபல் கிடைத்தது. பிபா சௌத்ரியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருந்திருக்க வேண்டும், எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

மியூவானுக்குள் குவார்க்கே கிடையாது. எலக்ட்ரானின் எடை கூடிய அண்ணன் அது, அவ்வளவுதான். பழைய புத்தகங்களில் "மியூ மெசான்" என்று பார்த்தால் கடந்துபோய்விடுங்கள்.

நம் தலைக்கு மேலே

மெசானைப் பார்க்க ஜெனீவாவில் உள்ள துகள் மோதல் ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. காஸ்மிக் கதிரில் வரும் புரோட்டான், தரையிலிருந்து 15, 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கரு ஒன்றில் மோதுகிறது. குவார்க்குகளுக்கிடையிலான கயிறுகள் இழுபட்டு அறுந்து பையான்களும் கொஞ்சம் கேயான்களும் கொட்டுகின்றன. மின்னூட்டமுள்ள பையான் வழியிலேயே மியூவானாகவும், எதன் மீதும் லேசில் மோதாத, மின்னூட்டம் இல்லாத நியூட்ரினோ என்ற துகளாகவும் சிதைகிறது. மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோநொடி, மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். இருந்தும் தரைவரை வருகிறது, காரணம் அவ்வளவு வேகத்தில் ஓடும் துகளின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக ஓடும் என்ற சார்பியல் விளைவு. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுகிறது. நம் உள்ளங்கை வழியாகவும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் இந்த மியூவான்களைத்தான் இரவு பகலாக எண்ணுகிறது. நம்ம ஊருக்கு இன்னொரு விசேஷம், காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு, திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வு மையம் இருப்பதும் அதனால்தான். நடுக்கோட்டுப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களுக்குக் குறுக்கே படுத்திருப்பதால், ஆற்றல் குறைந்த புரோட்டான்கள் உள்ளே நுழைய முடியாமல் திருப்பி விடப்படுகின்றன. துருவப் பக்கம் உள்ளவர்களுக்கு விழுகிற அளவுக்கு நமக்கு விழுவதில்லை.

தேனி விஷயத்துக்கு வருவோம். போடி மேற்கு மலையில் திட்டமிடப்பட்ட ஆய்வகம் பிடிக்க நினைத்தது, மேலே சொன்ன பையான், கேயான் சிதைவில் பிறக்கும் அதே நியூட்ரினோக்களை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இவற்றின் தடத்தை நம்மவர்கள் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள். மலை எதற்கு என்றால், மியூவான்களை வடிகட்ட. பாறையில் மியூவான் நின்றுவிடும், நியூட்ரினோ கடந்து வந்துவிடும். மலையைக் குடையலாமா, காட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்பவை தனிக் கேள்விகள், கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்தக் கருவி நியூட்ரினோவை உண்டாக்கப்போவதில்லை. ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் போடிக்கும் பொட்டல்புதூருக்கும் மேலே அவை ஒரே கணக்கில்தான் பிறந்துகொண்டிருக்கும்.